இரும்பின் வாலுக்குப் பின்னால் கொஞ்சம் இடம்

துப்பாக்கியின் கட்டை எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய போர்வைக்குள் வந்தது. இரும்பு வரவில்லை. குழாயும் விசையும் யானை முகாமிலேயே பூட்டிக் கிடந்தன. மரம் மட்டும் என் மைத்துனனின் மடியில் கிடந்து டவுங்கூவிலிருந்து பேருந்தில் யங்கோன் வந்து சேர்ந்தது. கொரோனாவுக்கு முந்திய காலம் அது. இப்போது அப்படி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்யும் துணிச்சல் யாருக்கும் வராது. அப்போதும் அவன் முகாமில் முறையாக அனுமதி வாங்கித்தான் எடுத்துவந்தான்.

"பக்கத்து சீட்டுக்காரர், என்ன தம்பி அது, துடுப்பான்னு கேட்டார் அத்தான். ஆமா, படகு அடுத்த பஸ்ஸுல வருதுன்னு சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே போர்வையைப் பிரித்து, என் வேலைப் பலகைமேல் கட்டையைக் கிடத்தினான்.

இவன் என் மனைவியின் தம்பி. மாமனார் தமிழர், மாமியார் பர்மியப் பெண். அதனால் இவனுக்குக் கிண்டல் தமிழில் வரும், கோபம் பர்மிய மொழியில் வரும். யானை முகாமில் சாமான் கிடங்கு இவன் பொறுப்பு. சங்கிலி, கயிறு, அரிசி, யானைக்கான மருந்து, அவற்றோடு அந்த ஒற்றைத் துப்பாக்கி.

நான் யங்கோனின் இன்சீன் பகுதியில் ரயில்பாதையை ஒட்டிய வீட்டின் முன்பக்கத்தில் மரவேலை செய்கிறேன். நாற்காலிக்குக் கால், கதவுக்குச் சட்டம், ரயில் பட்டறை ஆட்களுக்குச் சுத்தியல் பிடி. வருகிறவர்களிடம் பேசுவது என் மனைவிதான். நான் எதிரில்தான் இழைத்துக்கொண்டிருப்பேன். அவர்கள் அவளிடம் கேட்பார்கள், "இருங்க, அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்று அவள் என் பக்கம் திரும்புவாள், நான் தலையை ஆட்டுவேன், அவள் அதை வார்த்தையாக்கிச் சொல்லுவாள். வழக்கமாக வருகிறவர்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொள்வார்கள்.

கட்டையைத் தொட்டுப் பார்த்தேன். ஒரே மரம் இல்லை அது. காகிதத்தைவிடச் சற்றே தடித்த மெல்லிய பலகைகளை, பழுப்பும் சாம்பலுமாக மாற்றி மாற்றி ஒட்டி, அழுத்தி, ஒரே கட்டையாக்கிப் பிறகு செதுக்கியிருந்தார்கள். செதுக்கிய வளைவுகளில் அந்தக் கோடுகள் ஆற்று மணலில் தண்ணீர் விட்டுப்போன வரிகள் மாதிரித் தெரிந்தன. லேமினேட் என்றான் மைத்துனன்.

"தேக்கு விளையுற நாட்டுல ஒட்டுப்பலகையை வெளியிலிருந்து வாங்கிப் போட்டிருக்காங்க அத்தான். கேட்டா, மழையில வளையாதாம்."

அது உண்மைதான். பல தாள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் அது லேசில் முறுக்காது. ஆனால் இது விரிந்திருந்தது. துப்பாக்கி இரும்பின் பின்கோடியில் ஒரு வால் உண்டு. அந்த வால் படுக்கும் பள்ளத்துக்குப் பின்னால் தொடங்கி, கட்டை ஒடுங்கிக் கைப்பிடியாகும் கழுத்து வழியே கீழே இறங்கியிருந்தது விரிசல். நகம் உள்ளே போகும் அகலம்.

அதற்குள் என் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மைத்துனன் கதையை ஆரம்பித்தான்.

அது யானைக்கான துப்பாக்கி. மதம் பிடித்த காட்டுக் களிறு முகாமுக்குள் நுழைந்து, பறையடித்தும் தீவட்டி காட்டியும் போகாவிட்டால், கடைசியாக எடுக்க வேண்டியது. குண்டு பெரிது, அதற்கேற்ற உதை. எடுக்க வேண்டிய நாளில் கை நடுங்கக் கூடாது என்று வருடந்தோறும் மழைக்கு முன்னால் மண்மேட்டைப் பார்த்துச் சில குண்டுகள் சுட்டுப் பழகுவார்கள். சுடும் வேலை கரேன் என்னும் மலையினத்தைச் சேர்ந்த ஒருவருடையது. இந்த வருடம் அவர் சுட்டபோது கட்டை பிளந்தது. அவருடைய கட்டைவிரல் கிழிந்து, புருவமும் வெட்டுப்பட்டது.

"ஆளு இத்தினியூண்டு அக்கா. நம்ம வீட்டுச் சேவல் நின்னா அவர் இடுப்புக்கு வரும். டம்முன்னு சத்தம். ஆளு பின்னால போயிட்டாரு, செருப்பு ரெண்டும் சுட்ட இடத்துலயே நிக்குது!" அவன் எழுந்து நின்று, துப்பாக்கி பிடித்து, உதை வாங்கி, பின்னால் போய்ச் சுவரில் மோதிக் காட்டினான். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

"அம்மாடி, பாவம்டா! இப்ப எப்படி இருக்காரு?"

"காயமெல்லாம் ஆறிக்கிட்டு வருது. ஆனா ஆளை அனுப்பப் போறாங்க."

சொல்லிவிட்டு அவன் தேநீரைக் குடித்தான். முகாம் மேலாளர் தீர்மானித்துவிட்டாராம். தோளில் இறுக்கி வைக்காமல் தளர்வாகப் பிடித்ததால்தான் கட்டை உடைந்தது, அப்படிப்பட்ட கையை நம்பி யானைக்கு முன்னால் துப்பாக்கியைக் கொடுக்க முடியாது என்று. கட்டை சரியாகித் திரும்பியதும் வேறொருவர் கையில் கொடுப்பார்கள். அந்தக் கரேன்காரர் குடும்பத்தோடு முகாம் வீட்டைக் காலி செய்துவிட்டு மலையிலிருந்து இறங்க வேண்டும். கீழே அவருக்கு நிலமும் இல்லை, ஆட்களும் இல்லை. பிள்ளைகள் முகாமுக்கு அடுத்த மடத்துப் பள்ளியில் படிக்கிறார்கள்.

"அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஒரு வார்த்தை பேசலை. குனிஞ்சு நின்னாரு. லூசாத்தான் பிடிச்சிருப்பாரு அக்கா, இல்லாட்டி ஏன் ஒடையுது?"

பிறகு என் பக்கம் திரும்பி, கட்டையில் வால் படுக்கும் இடத்தை விரலால் தட்டினான். "அது கெடக்கு. இதைப் பாருங்க அத்தான். இது யாரு வேலை, சொல்லுங்க?"

பள்ளத்தின் பின்விளிம்பில் கறுப்பாக, கண்ணாடி போல் வழவழப்பாக ஒரு பூச்சு இருந்தது. மரத்துக்கும் பூச்சுக்கும் இடையில் முடி நுழையாது. தயோ என்று பார்த்ததுமே தெரிந்தது. அரக்குக் கிண்ணம் செய்கிறவர்கள் கறுப்பு மரப்பாலைச் சாம்பலோடு பிசைந்து செய்யும் களிம்பு அது. காய்ந்தால் கல். மாமியாரின் ஊர் பகான் பக்கம். அங்கே தாய்மாமன் பட்டறையில் இவன் சில காலம் கிண்ணம் தேய்த்துவிட்டு, அந்தப் பால் கையில் பட்டுக் கொப்பளித்துத் திரும்பி வந்தவன். கிண்ணம் செய்ய வரவில்லை, தயோ பூச மட்டும் வந்தது. முகாமில் ஒழுகும் வாளி, பிளந்த யானை மணி, ஓட்டை விழுந்த கூடை எல்லாவற்றையும் இவனிடம்தான் கொண்டுவருவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து.

"இரும்பு வாலுக்குப் பின்னால ஒரு சந்து விட்டுச் செஞ்சிருந்தான் அத்தான், அந்த வெளிநாட்டுக்காரன். எறும்பு முட்டை வெச்சிருந்துச்சு உள்ள. எவ்வளவு காசு வாங்கியிருப்பான், அந்த இடத்தை அடைக்கத் தெரியலை. நான் அடைச்சேன். இப்ப இரும்பும் மரமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உக்காருது. மொத்தக் கட்டையும் ஒடைஞ்சிருக்கு, என் தயோ மட்டும் ஒடையலை பாத்தீங்களா!"

நல்ல வேலைதான். நான் தலையை ஆட்டினேன்.

அன்று வேறு ஒன்றும் செய்யவில்லை. விரிசலுக்குள் துப்பாக்கி எண்ணெய் ஊறியிருந்தது. எண்ணெய் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. பெயின்ட் தின்னரை ஊசிக்குழாயில் எடுத்து விரிசலுக்குள் விட்டு, துணியால் ஒற்றி, சுண்ணாம்புப் பொடி தூவி வைத்தேன். பொடி பழுப்பானது. தட்டிவிட்டு மறுபடி விட்டேன். சாயங்காலம் வரை பொடி பழுப்பாகிக்கொண்டே இருந்தது. மைத்துனன் அக்காவிடம் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தெருமுனை டீக்கடையில் பந்தாட்டம் பார்க்கப் போனான்.

மறுநாள் காலை பொடி வெள்ளையாகவே நின்றது. மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவி, விரிசலில் மெதுவாக நுழைத்துத் திறந்தேன். பசை எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று பார்க்கத்தான் திறந்தேன். வெயில் உள்ளே விழுந்தது. தயோவின் முன்பக்கச் சுவர் தெரிந்தது. அதில் இரும்பின் அரம் போட்ட கோடுகள், மெழுகில் முத்திரை குத்தியதுபோல் ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தன. அப்படிப் பதிய வேண்டுமென்றால் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் முன்பக்கத்தைப் பார்த்தேன். குழாயின் அடியில் இரும்புக் கட்டி ஒன்று இருக்கும். அது வந்து முட்டுவதற்காக மரத்தில் ஒரு படி வெட்டியிருந்தார்கள். துப்பாக்கியின் உதையை வாங்க வேண்டிய இடம் அதுதான் என்று அந்தப் படியின் தடிமனே சொல்லியது. அந்தப் படியில் புதுக் காயம் ஒன்றும் இல்லை. பழைய தழும்பின் மேல் படிந்த தூசி கலையாமல் இருந்தது. இந்த முறை அந்த இடத்தை இரும்பு தொடவே இல்லை.

எனக்குத் துப்பாக்கி தெரியாது. உளி தெரியும். உளியின் வால் பிடிக்குள் இறங்கியிருக்கும். உளியின் தோள் பிடியின் வாயில் பதிந்து உட்கார்ந்தால், அடிக்கிற அடியெல்லாம் தோளில் விழும். தோள் உட்காராமல் வால் மட்டும் முட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு அடிக்கும் வால் ஆப்பாக இறங்கிப் பிடியைப் பிளந்துவிடும். வாலுக்குப் பின்னால் அந்த வெளிநாட்டுக்காரன் விட்டிருந்த சந்து மறதியால் வந்ததில்லை.

சிம்பை உருவிவிட்டு வாசல் பக்கம் பார்த்தேன். மைத்துனன் வாசலில் உட்கார்ந்து மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஒருவேளை நான் நினைப்பது தவறாக இருக்கலாம். இரும்பைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? மனைவியைக் கூப்பிட்டு, துப்பாக்கி இரும்பின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவள் தம்பியிடம் சொன்னாள். அவன் ஏன் எதற்கு என்று கேட்காமல் முகாமுக்குப் பேசினான். மலையில் சிக்னல் கிடைக்க மேட்டில் ஏற வேண்டும். படம் மதியத்துக்கு மேல்தான் வந்தது. வாலின் பின்முனையில் தயோவின் கறுப்பு தீற்றியிருந்தது. முன்பக்கக் கட்டியின் முதுகு சுத்தமாக இருந்தது. இரும்பைத் தூக்கிப் பிடித்திருந்த கையின் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"இது அவருதானே?" என்றாள் என் மனைவி.

"அவரேதான். வேற யாரு இந்த வெயில்ல மேடு ஏறுவா?" என்றான் அவன்.

அந்த விரலைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பேசவும் முடியவில்லை. பர்மியர்கள் ஆனாடே என்பார்கள். சொன்னால் எதிரில் இருப்பவர் மனம் கூசுமே என்று நம் நாக்கு மடங்கிக்கொள்வது. எனக்கு அது கடையில் மரம் விற்கிறவரிடமே வரும். இவனோ வீட்டுக்கு வந்த மைத்துனன், என் மனைவி தூக்கி வளர்த்த தம்பி.

"மாப்ள" என்றேன். அவன் நிமிர்ந்தான். நானாகக் கூப்பிட்டதே அவனுக்கு ஆச்சரியம். "அந்தத் தயோ எப்பப் போட்டே?"

"தண்ணித் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அதுக்கு முன்ன வருஷா வருஷம் சுட்டப்ப ஒண்ணும் ஆகலையா?"

"இல்லையே."

"யாரு சுட்டா?"

"அவருதான்."

நான் அதற்கு மேல் போகவில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவிதான் மேற்கொண்டு கேட்டாள். "அப்ப அத்தனை வருஷம் கெட்டியாப் பிடிச்ச மனுஷன், இந்த வருஷம் மட்டும் லூசாப் பிடிச்சாராடா?"

"என்ன அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து விசாரணை நடத்துறீங்க?" அவன் சிரித்தான். "மரத்துல ஓட்டை இருந்தா அடைக்கணும். அதானே அத்தான் தொழிலும்?"

சொல்லி விளக்க எனக்கு வராது. மூலையில் கிடந்த பழைய உளிப்பிடி ஒன்றை எடுத்தேன். அதன் வாயில் போட்டிருந்த இரும்புப் பூணைக் கழற்றினேன். உளியின் தோள் வாயில் படாமல், வால் மட்டும் முட்டி நிற்கும்படி செருகி, கட்டைச் சுத்தியலால் அடித்தேன். பிடி வாயிலிருந்து அடி வரை பிளந்து இரண்டாகக் கையில் வந்தது. அதை அவனுடைய துப்பாக்கிக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு விரிசலும் ஒரே மாதிரி இருந்தன.

அவன் சிரிப்பு நிற்கச் சற்று நேரம் பிடித்தது. முதலில் பிடியைப் பார்த்தான், பிறகு தயோவை, பிறகு போனில் இருந்த படத்தை. அப்புறம் பர்மிய மொழியில் என்னென்னவோ சொன்னான். செய்தவன் மேல், மேலாளர் மேல், எறும்புகள் மேல், கடைசியில் என் மேல். சுத்தியல் பிடி செய்கிறவருக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும் என்றான். அது சரிதான் என்றுதான் எனக்கும் பட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"விடுங்க, வருவான். அதுவரைக்கும் டீக்கடைக்காரன் காதுதான் பாவம்" என்றாள் என் மனைவி.

விளக்கு வைக்கும் நேரத்தில் சமூசாப் பொட்டலத்தோடு வந்தான். பொட்டலத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தான். குரல் தணிந்திருந்தது.

"அத்தான், ஒண்ணு செய்யுங்க. உள்ள இருக்கறதையெல்லாம் சுரண்டி எடுத்துடுங்க. சந்து இருக்கட்டும். மேல மட்டும் காகிதம் கனத்துக்கு ஒரு பூச்சு. பாக்கறவங்களுக்கு முன்ன மாதிரியே தெரியும். இரும்பும் முட்டாது. எல்லாருக்கும் நல்லது."

நான் அரத்தால் தயோவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் என்று அவன் சொன்னதில் அந்தக் கரேன்காரர் இல்லை. அது அவனுக்கும் தெரிந்திருந்ததால்தான் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"கேசா மஷிபூ, சின்ன விஷயந்தானே. ஒரு பூச்சு. என்ன அத்தான்?"

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"அவரு பேசாம இருந்தா மாட்டேன்னு அர்த்தம்" என்றாள் என் மனைவி, சமூசாவைத் தட்டில் கொட்டியபடி. "கல்யாணம் ஆன நாளா எனக்குத் தெரியும். நீ சாப்பிடு."

அடுத்த நாள் பித்தளைக் கம்பி வாங்க அவனும் நானும் ஊரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் நகரத்துக்குப் போனோம். பசை மட்டும் போதாது, கழுத்தில் குறுக்கே திருகு வெட்டிய பித்தளைக் கம்பி ஒன்றை நுழைத்து ஒட்டினால்தான் அந்த உதைக்குத் தாங்கும் என்று எனக்குப் பட்டது. ரயில் எப்போதும்போல் நடந்துபோகிறவரோடு போட்டி போட்டுக்கொண்டு போனது. கீரைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். வெகுநேரம் கழித்துச் சொன்னான்:

"போன மழையில எனக்கு மலேரியா வந்தப்ப, அவர் வீட்டம்மாதான் கஞ்சி வெச்சுக் கொடுத்துச்சு."

நான் அவனைப் பார்த்தேன்.

"நான் தயோ போடறப்ப அவரு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு அத்தான். அவருக்குத் தெரியும்னு நெனைக்கறேன். சயா கேட்டப்ப சொல்லியிருக்கலாம். சொல்லலை."

சயா என்றால் ஆசான்; முகாமில் மேலாளரை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அந்த மனிதருக்கும் நாக்கு மடங்கியிருக்கிறது. இறங்கிப் பபேடான் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் மைத்துனன் பழையபடி ஆகி, இரும்புக்கடைக்காரரிடம் தமிழிலும் பர்மியத்திலும் கேலி பேசி, கம்பியையும் இரட்டைக் குழாய் எப்பாக்ஸிப் பசையையும் வாங்கிவிட்டான். நான் கம்பியின் கனத்தை விரலால் உருட்டிப் பார்த்ததோடு சரி.

எப்பாக்ஸியைக் கலந்து, வெயிலில் வைத்த டப்பாவில் சூடாக்கினால் இளகித் தண்ணீராகும். ஊசிக்குழாயால் விரிசலுக்குள் விட்டேன். ஒரு பக்கம் விட்டது மறுபக்கம் துளிர்த்து வெளியே வரும்வரை விட வேண்டும். பிறகு சைக்கிள் ரிக்‌ஷாவின் பழைய ட்யூபைப் பட்டையாக வெட்டி, இழுத்து இழுத்துக் கழுத்தில் சுற்றினேன். ரப்பரைப்போல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறுக்கும் கருவி கிடையாது. அது காய்ந்தபின் துளைபோட்டுக் கம்பியை இறக்கி, தலையைத் தேய்த்து மரத்தோடு சமமாக்கினேன். வாலுக்குப் பின்னால் தயோ ஒரு துளியும் இல்லாமல் எடுத்துவிட்டேன். இரண்டு சீட்டுக்கட்டுச் சீட்டுகள் நுழையும் அளவுக்கு அங்கே சந்து திறந்து நின்றது.

மிச்ச வேலையை என்னால் இங்கே செய்ய முடியாது. முன்பக்கப் படியில் இரும்புக் கட்டி முழுதாகப் பதிந்து உட்கார வேண்டும். அதற்கு அந்த இரும்பே வேண்டும். மைத்துனனுக்கு ஒரு துண்டுப் பலகையில் காட்டிக் கொடுத்தேன். இரும்புக்கு மெழுகு பூச வேண்டும், படியில் பசையை வைக்க வேண்டும், இரும்பை உட்காரவைத்து அசையாமல் விட வேண்டும். பசை இரும்பின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு கல்லாகும். அவன் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். கை சுத்தமான கை அவனுக்கு.

"இதைச் செய்யறப்ப சயா வந்து நிப்பாரு" என்றான். "ஏன்டா முன்னால பூசறே, பின்னால ஏன் சந்துன்னு கேப்பாரு."

"கேப்பாரு" என்றேன்.

அவன் போர்வையைச் சுற்றினான். அக்கா கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தை மேலே வைத்தான். வாசலில் அவன் எந்தக் கேலியும் செய்யாமல் போனது என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "ஏசிட்டாவது போயிருக்கலாம்" என்றாள்.

சில நாள் கழித்து, ஒரு காலையில், நான் ஜன்னல் சட்டம் ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தபோது என் மனைவியின் போன் அடித்தது. வழக்கமாகப் போனில் பேசுவது அவள்தான். கேட்டாள், "ஹௌக்கே, ஹௌக்கே" என்று ஆமாம் போட்டாள், முகம் மாறியது. போனை என்னிடம் நீட்டினாள்.

"மேலாளர். உங்ககிட்டதான் பேசணுமாம்."

நான் கையை ஆட்டினேன். அவள் போனை என் காதில் வைத்தாள்.

மறுமுனையில் குரல் கடுமையாக இல்லை. பள்ளி ஆசிரியர் மாதிரி நிதானமான பர்மியம். உங்கள் மைத்துனன் துப்பாக்கியில் பசை வைத்துக்கொண்டு நிற்கிறான், கேட்டால் தச்சர் சொன்னார் என்கிறான், நீங்களே சொல்லுங்கள் என்றார். போன் அங்கே எல்லாருக்கும் கேட்கும்படி வைக்கப்பட்டிருந்தது என்பது சுற்றியிருந்த சத்தத்திலிருந்து தெரிந்தது. எங்கோ யானையின் மரமணி கடகடத்தது.

"முன்னால இருக்கிற கட்டிதான் உதையை வாங்கணும் சயா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "வால் எதுலயும் படக் கூடாது. பட்டா, ஆப்பு மாதிரி பிளக்கும்."

"முன்னால பட்டுக்கிட்டிருந்ததா?"

"வால்தான் பட்டுக்கிட்டிருந்தது சயா."

"அப்படின்னா, யார் எப்படிப் பிடிச்சிருந்தாலும் உடைஞ்சிருக்குமா?"

"உடைஞ்சிருக்கும். நீங்க பிடிச்சிருந்தாலும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மேலாளர் யோசிக்கிறார் என்று தெரிந்தது. பிறகு கேட்டார்:

"செஞ்சவங்களே அப்படிச் செஞ்சு அனுப்பிட்டாங்களா?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அந்த வெளிநாட்டுக்காரன் தலையில் போட்டுவிட்டால் அத்தனை பேரும் பிழைத்துக்கொள்வார்கள் என்றும் தோன்றியது. ஆனால் அடுத்த முறை வேறொருவர் அந்தச் சந்தை மறுபடி அடைத்துவிட்டால்? என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் சொல்லி அவள் வார்த்தையாக்குகிற வேலை இது இல்லை.

"இல்லை சயா. அவங்க சந்து விட்டுத்தான் அனுப்பியிருக்காங்க."

"அப்புறம்?"

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், அது வரவில்லை. போனில் யானை மணி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நான்தான் அடைச்சேன் சயா" என்றது மைத்துனனின் குரல். "எறும்பு கூடு கட்டுச்சு. அழகா இருக்கட்டும்னு தயோ வெச்சு அடைச்சேன். அவரு மேல தப்பு இல்லை."

அங்கே யாரோ இருமினார்கள். மேலாளர் அடுத்துக் கேட்டது என்னிடம்தான். சந்து எவ்வளவு இருக்க வேண்டும் என்றார். இரண்டு சீட்டு நுழையும் அளவு என்றேன். முகாமில் சீட்டுக்கட்டுக்குப் பஞ்சமில்லை என்றார் அவர். பலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மைத்துனன் குரல் இல்லை.

அவனைக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. யானைகளுக்கு மூங்கில் வெட்டும் ஆட்களோடு அந்த மழைக்காலம் முழுக்க இருந்தான். அட்டைக்கடி தாங்கவில்லை என்று அக்காவிடம் போனில் புலம்புவான், என்னைக் கேட்க மாட்டான். கிடங்குக்குத் திரும்பிய பிறகுதான் மறுபடி என்னை அத்தான் என்று கூப்பிட்டான். துப்பாக்கி எப்போதும்போல் அந்தக் கரேன்காரர் கையிலேயே இருந்தது.

ஆனால் அன்று போன் அதோடு முடியவில்லை. மேலாளர் நகர்ந்துவிட்டார் போலிருந்தது. யாரோ போனை எடுத்தார்கள். மூச்சு கேட்டது. எனக்கு அறிமுகமில்லாத குரல், மெல்லியது, பர்மியத்தில் மலைவாசிகளின் இழுப்பு.

"சயா, சாப்பிட்டாச்சா?"

அவர்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என்னை ஒருவரும் அதுவரை சயா என்று கூப்பிட்டதில்லை.

"இன்னும் இல்லை" என்றேன். "நீங்க?"

"இனிமேதான். வீட்டுல சமைச்சுக்கிட்டிருக்காங்க."

இரண்டு பேரும் சிறிது நேரம் அப்படியே போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம், யார் முதலில் வைப்பது என்று தெரியாமல்.